முகத்துக்கு வராத கை

அருட்பிரகாசத்தின் இடது கன்னத்தில் ரத்தம் வந்தால் மற்றவர்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் சவரம் செய்யும்போது பிளேடு வெட்டிவிடும். அவன் முகத்தைக் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு, லண்டனில் மோர்டன் பக்கத்துப் பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போய்விடுவான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரவு ஷிப்டை முடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பாலேந்திரா நிமிர்ந்து பார்ப்பான்.

"மச்சான், உன்ர கொலரைப் பார். விடியக்காலமை கோழி அடிச்சனியோ?"

அப்போதுதான் கை கன்னத்துக்குப் போகும்.

கண்ணுக்குக் கீழிருந்து மேலுதடு வரைக்கும் அந்தப் பக்கம் உணர்வே இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கொஞ்ச நேரம் முகம் நம்முடையது இல்லாதது போல இருக்குமே, அப்படி. அவனுக்கு அந்த ஊசி எண்பத்தாறாம் ஆண்டு மன்னாரில் போடப்பட்டது. இலங்கை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை வெயிலில் வரிசையாக முழங்காலில் இருத்தியிருந்தார்கள். வரிசையோரம் நடந்துவந்த ஒருவன் துவக்குப் பிடியால் அவனை அடித்துவிட்டு அப்படியே நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. வீக்கம் வற்றியது, எலும்பு கொஞ்சம் பள்ளமாகப் பொருந்தியது. உணர்வு மட்டும் வரவில்லை. லண்டன் வந்தபின் ஒரு டொக்டர் ஊசி முனையால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு நசிந்திருக்கிறது, சிலவேளை திரும்ப வரும், சிலவேளை வராது என்றார். அதில் முதல் பாதியை மட்டும் அருட்பிரகாசம் எடுத்து வைத்துக்கொண்டான்.

அந்தக் கதையை அவன் முழுதாகச் சொன்னது ஒரே தடவைதான். அகதி நேர்காணலில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியாக. தன் கன்னத்தை இன்னொருவர் ஆங்கிலத்தில் விவரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அது வேறு யாரோ ஒரு பாவப்பட்ட மனிதனுடைய கன்னம் போலத் தோன்றியது. நேர்காணல் முடிந்தது, இருக்க அனுமதி கிடைத்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டான். அதன்பின் யாருக்கும் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்றில் மன்னாரிலிருந்து வந்து, பங்குக் கோயிலில் அவனுக்கு மாலை போட்ட மெற்றில்டாவுக்கும் சொல்லவில்லை.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே அவர்களுக்கு இரண்டு அறை. மெற்றில்டா ஆரம்பப் பள்ளியொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். கட்டிலில் அவள் படுப்பது அவனுடைய இடப்பக்கம். புதிதாக வந்திருந்தபோது, அவன் கண்ணை மூடிக் கிடக்கையில் விரல்களால் அவன் கன்னத்தைத் தடவுவாள். அவன் அசையமாட்டான். திரும்பமாட்டான். சில மாதங்களில் அவள் அதை விட்டுவிட்டாள். கனடாவில் இருக்கும் தமக்கை டொலறசுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனிசன் அக்கா. குடி இல்லை, சிகரெட் இல்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். ஆனா கல்லு. தொட்டாலும் ஒண்டுதான், தொடாட்டியும் ஒண்டுதான். அங்கயும் எல்லா ஆம்பிளையளும் இப்பிடித்தானோ?"

படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அருட்பிரகாசத்துக்கு அது கேட்டது. சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். கோபம் வருமா என்று கொஞ்சம் நின்று பார்த்தான். வரவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தான்.

கராத்தேக்கு அவன் போனதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. லண்டன் வந்த இரண்டாவது குளிர்காலம் அது. அப்போது இருந்த அறையில் ஹீற்றருக்குக் காசு போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ரூட்டிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் வெளிச்சமாக, சூடாக இருந்தது. உள்ளே வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தான். கற்பிக்கிறவர் கென் என்ற வெள்ளைக்காரத் தபாற்காரர். குளிர் உள்ளே வருகிறது, ஒன்றில் உள்ளே வா, இல்லாவிட்டால் கதவைச் சாத்து என்றார். அவன் உள்ளே போனான்.

அங்கே பழகியது அடித்து விழுத்தும் கராத்தே. கையில் உறை கிடையாது, நெஞ்சில் கவசம் கிடையாது. வெறுங்கையால் நெஞ்சிலும் வயிற்றிலும் எவ்வளவு பலமாகவும் குத்தலாம். காலால் தொடை முதல் தலை வரைக்கும் எங்கேயும் உதைக்கலாம். ஒன்று மட்டும் கூடாது: கை முகத்துக்கு வரக்கூடாது. அதனால் இரண்டு பேரும் நெற்றி முட்டும் அளவுக்கு நெருங்கி நின்று, யாராவது ஒருவர் விழும்வரை நெஞ்சிலேயே குத்திக்கொண்டிருப்பார்கள். தவறிப்போய்க் கை முகத்தில் பட்டுவிட்டால் மத்தியஸ்தர் உடனே நிறுத்துவார். அடிபட்டவன் தெளியும்வரை, அடித்தவன் விலகிப்போய் அவனுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டு, கைகளைத் தொடையில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். வென்றது போல் நின்று பார்க்கக்கூடாது.

எத்தனையோ பேருக்கு அது வெறும் சம்பிரதாயம். அருட்பிரகாசத்துக்கு அந்த விதி பிடித்திருந்தது. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் போனான். அடி வாங்குவதில் அவனுக்கு நிகர் அங்கே இல்லை. நெஞ்சில் விழுவது தெரியும், ஆனாலும் பக்கத்து வீட்டில் கதவு சாத்துவது போலத்தான் தெரியும். ஆண்டுகள் போயின, கறுப்புப் பட்டி வந்தது. பட்டி கிடைத்த அன்று கென் கட்டிப்பிடித்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து வணங்கினான். சந்தோஷமா என்று மெற்றில்டா கேட்டபோது, "ஓம், ஏன்?" என்றான்.

தொண்ணூற்று மூன்றில் கென் விடுமுறைக்கு ஜப்பான் போய்வந்தார். வரும்போது ஒரு பெரிய பையில் குத்துச்சண்டைக் கையுறைகளைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் கொட்டினார். அங்கே கராத்தேக்காரர்களே இப்போது கையுறை போட்டு முகத்துக்குக் குத்திப் போட்டியிடுகிறார்கள், அதில் தேறியவர்கள் கிக்பொக்சிங்குக்குப் போகிறார்கள், நாமும் பழகப்போகிறோம் என்றார்.

அடுத்த நாள் பெற்றோல் நிலையத்தில் அருட்பிரகாசம் அதைப் பாலேந்திராவுக்கு விளக்கினான்.

"கிக்பொக்சிங் எண்டதே கராத்தேக்குப் பிறந்த பிள்ளைதான் மச்சான். அறுபதுகளில ஜப்பானில ஒரு குத்துச்சண்டை முதலாளி, தாய்லாந்துக்காரனோட கராத்தேக்காரரை மோதவிட்டுப் பார்ப்பம் எண்டு வெளிக்கிட்டவன். காலைக் கராத்தேயில இருந்து எடுத்தான், கிளவ்ஸைக் குத்துச்சண்டையில இருந்து எடுத்தான். கொஞ்சக் காலம் அங்க ரீவியில ஒரே அதுதானாம். பேந்து படுத்திட்டுது."

"இப்ப?"

"இப்ப அப்பன்காரன் பிள்ளையின்ர கிளவ்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு திரியிறான்."

"நல்ல குடும்பம்," என்றான் பாலேந்திரா. "உங்களுக்குச் சம்பளமும் இல்லாமல் அடி."

முதல் நாள் பழக்கத்தில் கென்னே அவனோடு நின்றார். அருட்பிரகாசத்தின் கைகள் வழமைபோல் நெஞ்சளவில் இருந்தன. இத்தனை ஆண்டுகளும் முகத்துக்குக் காவல் தேவைப்படவில்லை. கென்னின் வலது கை சுற்றி வந்து அவனுடைய இடது கன்னத்தில் பட்டென்று விழுந்தது. அருட்பிரகாசம் சண்டையை நிறுத்தினான். கையைத் தொங்கவிட்டு, கென் செய்த பிழைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்து நின்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. கென்னும் சிரித்தார். "பிழை இல்லை அருள், இன்றைக்கு அதுதான் விளையாட்டு," என்று ஆங்கிலத்தில் சொல்லி இன்னொன்று போட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் அது வந்தது. கண்ணுக்குக் கீழே, எறும்பு ஊருவது போல. முதலில் உண்மையாகவே எறும்பு என்று நினைத்துத் தட்டினான். ஒன்றுமில்லை. தோலுக்கு உள்ளே ஊர்ந்தது. அவன் சீற்றில் நேராக நிமிர்ந்து, அசைந்தால் போய்விடும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கோலியர்ஸ் வுட்டில் இறங்க முன்னரே அது நின்றுவிட்டது. ஆனால் வந்தது. ஏழு வருடமாகச் செத்துக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று நடந்தது.

அதன்பிறகு அவன் கையுறைப் பழக்கத்துக்குத்தான் போனான். அடி பலமாக விழுந்த நாட்களில் சிலவேளை எறும்பு வந்தது, சிலவேளை வரவில்லை. மெதுவாக விழுந்தால் வருவதே இல்லை. நரம்பு நித்திரையாக இருக்கிறது, பலமாகத் தட்டினால் எழும்பும் என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். கென்னுக்கு இது எதுவும் தெரியாது. முகத்தில் விழும்போது கண் இமைக்காத ஒருவனை அவர் அதற்குமுன் கண்டதில்லை. கையுறைக்கென்றே பிறந்தவன் என்று எல்லோருக்கும் சொன்னார்.

கையுறைச் சண்டையில் இரண்டு ரவுண்ட். நடுவில் மூலைக்கு வந்தால் தண்ணீர் கொடுக்க, முகம் துடைக்க, புத்தி சொல்ல ஓர் ஆள் வேண்டும். கராத்தேயில் அப்படியொரு ஆளே கிடையாது என்பதால் மண்டபத்தில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. அருட்பிரகாசம் பாலேந்திராவைக் கூட்டிக்கொண்டு போனான். பாலேந்திராவுக்கும் தெரியாது, ஆனால் அவன் ரீவியில் குத்துச்சண்டை பார்க்கிறவன், வாயும் உண்டு. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் வைத்து அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"டேய், ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லாத. உன்ர இடது கை தானா விழேல்லை. நீ வேணுமெண்டு விடுறாய்."

அருட்பிரகாசம் பஸ் வரும் திசையைப் பார்த்தான். பஸ் இல்லை. சொன்னான். துவக்குப் பிடியைப் பற்றி இரண்டு வசனம், எறும்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

பாலேந்திரா அவனுடைய கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "படம் வரேல்லை எண்டு ரீவிக்குத் தலையில தட்டுற மாதிரியோ?" என்றான்.

"தட்டினா சிலவேளை வருமெல்லோ."

"சிலவேளை ரீவியே போயிடும் விசரா! மெற்றில்டாவுக்குத் தெரியுமோ?"

"அவவுக்கு என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ? நல்லாயிருக்கு. முழு லண்டனிலையும் உன்ர முகம் தெரிஞ்ச ஒரே ஆள் இந்தப் பாலேந்திரா எண்டுறியோ? எனக்கு உந்தப் பெருமை வேண்டாம்."

ஆனாலும் அவன் மூலைக்கு வருவதை விடவில்லை. ஒருவேளை தான் வந்தால் கொஞ்சமாவது கையைத் தூக்கச் சொல்லலாம் என்று நினைத்திருப்பான்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் பெத்னல் கிறீனில் ஒரு மண்டபத்தில் கையுறைக் கராத்தேப் போட்டி வைத்தார்கள். ரோக்கியோவில் கிக்பொக்சிங் பள்ளி நடத்தும் சுகிமோட்டோ என்பவர் பார்க்க வருவார், நடு நிறைப் பிரிவில் வெல்கிறவனை மூன்று மாதம் அங்கே கூப்பிட்டுப் பழக்கி ஒரு சண்டையும் கொடுப்பார் என்று கென் சொன்னார். அருட்பிரகாசத்துக்கு ரோக்கியோவைப் பற்றி ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: அங்கே இதைவிடப் பலமாக அடிப்பார்கள்.

மெற்றில்டாவுக்கு அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

"ரோக்கியோவுக்கோ? எவ்வளவு காலம்?"

"வெண்டாத்தான். மூண்டு மாசம்."

அவள் கறிச் சட்டியை மூடினாள். "நீங்கள் இஞ்ச இருக்கேக்கயும் ரோக்கியோவில இருக்கிற மாதிரித்தானே. பிளேன் காசு என்னத்துக்கு?" பிறகு, "நானும் வந்து பாக்கப்போறன்," என்றாள்.

"அடிபடுறதைப் பாக்க உமக்கு ஏலாது."

"எனக்கு என்ன ஏலும் என்ன ஏலாது எண்டு எப்ப பாத்தனீங்கள்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயிலுக்கு உடுத்த சாறியின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சுற்றிலும் மொட்டை அடித்த ஆண்கள். ஒருவன் தன் உருளைக்கிழங்கு சிப்ஸை அவளுக்கு நீட்டினான். அவள் நன்றி சொல்லி ஒன்று எடுத்தாள்.

முதல் இரண்டு சண்டைகளும் சிரமமில்லாமல் போயின. முதலாமவன் தொடையில் விழுந்த உதைகளைத் தாங்கமாட்டாமல் விட்டுக்கொடுத்தான். இரண்டாமவன் அருட்பிரகாசத்தின் முகத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, எதுவும் நடக்காததைக் கண்டு தானே களைத்துப்போனான். கடைசிச் சண்டை டெரன் என்ற கூரை வேலைக்காரனோடு. பிறிஸ்டல்காரன். சிவந்த முகம், நீளக் கை.

முதல் ரவுண்டில் டெரனின் வலது கை மூன்று முறை இடது கன்னத்தில் விழுந்தது. மூன்றாவதோடு எறும்பு வந்தது. இதற்குமுன் வந்தது போலில்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கி, மூக்கோரமாக இறங்கி, மேலுதட்டு வரைக்கும் ஒரு கூட்டமாக ஊர்ந்தது. அருட்பிரகாசம் பதிலுக்குக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். தொடையில் நல்ல உதைகள், புள்ளிகளெல்லாம் அவன் பக்கம். மனம் முழுக்க உதட்டில் இருந்தது.

மூலையில் பாலேந்திரா வாளியைக் கவிழ்த்து விழுத்திவிட்டு, துவாயால் அவனுடைய முகத்தைத் துடைத்தான்.

"எறும்பு வந்ததோ?"

"உதடு வரைக்கும் வந்தது."

"அப்ப காணும், போதும். நீதான் முன்னுக்கு நிக்கிறாய், கென்னும் சொல்லுறார். இனிக் கையை மேல பிடி. தயவுசெய்து."

"இன்னும் ஒண்டு ரெண்டு."

"இதென்ன, வெத்திலை பாக்குக் கேக்கிற மாதிரிக் கேக்கிறாய்?"

மணி அடித்தது.

இரண்டாவது ரவுண்டின் தொடக்கத்தில் அது நடந்தது. டெரன் உள்ளே வந்தான். அருட்பிரகாசத்தின் வலது கை, அவனைக் கேட்காமலே, நேராகப் போய் டெரனின் கன்னத்தில் விழுந்தது. பழகிய இத்தனை மாதங்களில் இவ்வளவு சுத்தமாக ஒரு குத்து அவன் யாருடைய முகத்திலும் போட்டதில்லை. டெரனின் பல் காப்பு வாயிலிருந்து பாதி வெளியே வந்தது. கண்ணில் நீர் கட்டியது. தோள் ஒன்று மேலே எழும்ப, கையுறையைக் கன்னத்தில் வைத்துப் பொத்திக்கொண்டான். குழந்தைகள் பொத்திக்கொள்வது போல. நொந்தவனுடைய முகம். அவ்வளவு கிட்டத்தில் அருட்பிரகாசம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கை முகத்தில் பட்டுவிட்டது. ஒருவனுக்கு நொந்துவிட்டது.

அவன் திரும்பினான். நான்கு எட்டு நடந்து கயிற்றருகே போய், டெரனுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டு, கையுறைகளைத் தொடைகளின் மேல் வைத்துக்கொண்டு இருந்தான்.

மண்டபத்தின் ஒரு மூலையில் சிரிப்புத் தொடங்கி எங்கும் பரவியது. கென் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பாலேந்திரா மூலையிலிருந்து கத்தினான்.

"எழும்படா! எழும்பு! உது பிழையில்லை, உது பொயின்ற்! டேய் சாமியாரே, எழும்பு!"

மத்தியஸ்தர் டெரனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எண்ணத் தொடங்கினார். கையுறை விதியில் முதுகு காட்டுவதும் முழங்கால் நிலத்தில் படுவதும் விழுந்ததற்குச் சமம். ஒன்று, இரண்டு. அருட்பிரகாசத்துக்கு எண் கேட்டது. வேறு யாருக்கோ எண்ணுகிறார்கள் என்று நினைத்தான். எதிரே, கயிற்றுக்கு அப்பால், மெற்றில்டா எழுந்து நின்றிருந்தாள். கைப்பை கீழே விழுந்திருந்தது. பக்கத்திலிருந்தவன் அதை எடுத்துக் கொடுக்க, அவள் அதைப் பார்க்கவில்லை. ஏன் எழுந்து நிற்கிறாள் என்று அவன் யோசித்தான். எட்டு என்றபோது தன் நிலை பிடிபட்டு எழுந்தான்.

மிச்ச நேரத்தில் டெரன் வெட்கத்தையும் நோவையும் சேர்த்து அடித்தான். எல்லாம் இடது கன்னத்தில். அருட்பிரகாசம் கையைத் தூக்கவில்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் காத்திருந்தான். எறும்பு வரவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, ஈரத் துணி அடிப்பது போல. ஒன்றுகூட வரவில்லை. மணி அடித்தபோது நடுவர்களின் கொடிகள் எல்லாம் டெரனின் பக்கம் எழுந்தன. அவன் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினான்.

உடுப்பு மாற்றும் அறையில் போட்டிக்கு வந்திருந்த டொக்டர் அவனை நீள வாங்கில் இருத்தினார். வாசலில் மெற்றில்டாவும், வெறும் வாளியோடு பாலேந்திராவும் நின்றார்கள். டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டால் அவனுடைய வலது கன்னத்தைத் தொட்டு, தெரிகிறதா என்றார். தெரிகிறது. இடது கன்னத்தில் தொட்டார். அவர் தொடுவதற்காக அவன் காத்துக்கொண்டிருந்தான். பஞ்சை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். இது? இல்லை. இது? இல்லை. டொக்டரின் முகம் மாறியது. எலும்பு உடைந்திருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

"புதிசில்லை," என்று அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் சொன்னான். "பழையது. எட்டு வருடம்."

எட்டு வருடம் என்பதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு மெற்றில்டாவுக்கு ஆங்கிலம் தெரியும். அவள் பாலேந்திராவைப் பார்த்தாள். பாலேந்திரா வாளிக்குள் பார்த்தான்.

டொக்டர் போனதும் கென் ஒருவரைக் கூட்டிவந்தார். குள்ளமான, சாம்பல் சூட் போட்ட மனிதர். மூக்கு முகத்தோடு ஒட்டியிருந்தது. சுகிமோட்டோ. அருட்பிரகாசத்தைப் பார்த்ததும் சிரித்து, தானும் முழந்தாளிடுவது போல் ஒருமுறை குனிந்து காட்டினார். நல்ல பழக்கம், ஆனால் சண்டைக்குக் கூடாது என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வென்றவனைக் கூப்பிடுவது கூப்பிடுவதுதான். இவனையும் கூப்பிட விருப்பம். விழாத, கண் இமைக்காத ஆளைப் பார்க்க ரோக்கியோவில் சனம் வரும். தன் பள்ளிப் பையன்களுக்கும் அடித்துப் பழக ஓர் ஆள். மூன்று மாதம்.

கென் அவனுடைய தோளைத் தட்டினார்.

அருட்பிரகாசம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இடது கன்னத்தைக் காட்டி, "இது திரும்ப வருமா?" என்று கேட்டான். "அங்கே, உங்களுடைய ஆட்களுக்கு, அடிபட்டு அடிபட்டு, உணர்வு திரும்ப வந்திருக்கிறதா?"

சுகிமோட்டோவுக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவனுடைய கையை எடுத்து, சுற்றியிருந்த துணியோடு, தன் நெற்றிக்கும் கண்ணுக்கும் நடுவில் வைத்தார். அழுத்து என்றார். அருட்பிரகாசம் அழுத்தினான். இன்னும் என்றார். நகம் பதியும்வரை அழுத்தினான். அவர் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிக்பொக்சிங். ஒவ்வொரு கிழமையும் ரெலிவிஷன்," என்றார். "இங்கே ஒன்றுமில்லை. நாடியிலும் ஒன்றுமில்லை. சூப் வடிந்தால் மனைவி சொல்லுவா. இருபது வருடம்." கையை விட்டார். "வராது. பழகிப்போகும்."

அதைச் சொன்ன விதத்தில் கவலை ஏதும் இல்லை. இன்று மழை வராது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு, ரோக்கியோ? என்று புருவத்தை உயர்த்தினார்.

"இல்லை," என்றான் அருட்பிரகாசம். "நன்றி."

கென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அருட்பிரகாசம் குனிந்து சப்பாத்தைக் கட்டத் தொடங்கினான். ஏமாற்றமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். பூட்டிய வீட்டின் ஜன்னலால் உள்ளே பார்ப்பது போல் இருந்தது.

பாலேந்திரா வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி முன்னதாகவே போய்விட்டான். பாங் ஸ்ரேசனில் மாறி, மோர்டன் போகும் ரெயினில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எதிரே ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். லண்டன் பிறிட்ஜ் தாண்டியதும் மெற்றில்டா கேட்டாள்.

"எட்டு வருஷமோ?"

"ஓம். மன்னாரில. சுத்திவளைப்பில அடிச்சவங்கள்."

"நான் வந்து மூண்டு வருஷம்."

"ஓம்."

"நான் உங்களைத் தொடேக்க..."

"தெரியாது."

"ஒருக்காலும்?"

"அந்தப் பக்கம் ஒருக்காலும் தெரியேல்லை."

ரெயின் நின்றது, கதவு திறந்தது, சாத்தியது.

"நான் டொலறஸ் அக்காவுக்கு உங்களைக் கல்லெண்டு சொல்லியிருக்கிறன்."

"கேட்டனான்."

"கேட்டனீங்களோ? கேட்டுக்கொண்டும் பேசாமல் இருந்தனீங்களோ?"

"நீர் சரியாத்தானே சொன்னனீர்."

"சரியோ? அதுக்கு வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ! கன்னம்தான் விறைச்சுப்போச்செண்டா, வாயுமோ?"

அவன் யோசித்தான். "மேலுதடு பாதி," என்றான்.

எதிரே இருந்தவரின் பத்திரிகை கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி மேலே போனது. மெற்றில்டா ஜன்னல் பக்கம் திரும்பி, சுரங்கத்தின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் ஆடியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஸ்ரொக்வெல் தாண்டியதும் அவள் திரும்பி, விரலை அவனுடைய இடக் கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

"இது தெரியுதோ?"

"இல்லை."

"ரெயினில ஆக்கள் பாப்பினம் எண்டு சொல்லாதேங்கோ. இது?"

"இல்லை."

"இது?"

"இல்லை."

விரல் மூக்கோரமாக இறங்கி, உதட்டுக்குப் போய், அங்கிருந்து தாடையை நோக்கித் திரும்பியது. வீக்கத்தின் மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு இடமாக நின்று கேட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அவன் இல்லை என்றான். அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை, அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கிளப்ஹம், பலம் என்று நிலையங்கள் வந்து போயின. காதுக்கு முன்னால், தாடை எலும்பு திரும்பும் இடத்தில் விரல் வந்தபோது அவன் உடனே பதில் சொல்லவில்லை.

"இது?"

"பொறும். ஓம். அது தெரியுது."

"இதிலயோ?"

"ஓம். அதில இருந்து அங்கால என்ர."

அவள் விரலை எடுக்காமல், நகத்தால் அந்த இடத்தை அழுத்தினாள். பிறகு இன்னும் அழுத்தினாள்.

"இஞ்சேரும், நோகுது."

"நோகட்டும்," என்றாள் மெற்றில்டா.